வியாழனிலிருந்து வந்த இரைச்சல்

1965 செப்டம்பர். பாகிஸ்தானோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஏரியூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நானும் என் மாமியாரும் மட்டும் இருந்தோம். கல்யாணமான சில மாதங்களிலேயே பட்டாளத்துக்குத் திரும்பிவிட்ட என் கணவருக்கு ஒயர்லெஸ் பிரிவில் வேலை. யுத்தம் தொடங்கியதிலிருந்து அவரிடமிருந்து கடிதம் இல்லை. மாமியாரும் நானும் அதுவரை மனம்விட்டுப் பேசிக்கொண்டதும் இல்லை.

கணவர் விட்டுப்போன டிரான்சிஸ்டரில், வேப்பமரத்தில் கட்டிய நீளக் கம்பியை மாட்டி, விடியுமுன் யுத்தச் செய்தி தேடுவேன். ஒருநாள் சிற்றலையின் கடைசியில், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் ஓர் இரைச்சல். சோளக்காட்டில் காற்று புகுந்து புரள்வதுபோல எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது.

மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"அவன்தான் புள்ள. ஒயர்லெஸ்ல சேதி இப்படி இரைச்சலோடதான் வரும்னு சொல்லியிருக்கான்."

அதன்பின் தினமும் எனக்கு முன்பே எழுந்து ரேடியோ அருகே உட்கார்ந்தார். சில நாள்தான் சத்தம் வரும். வராத நாட்களில் கஞ்சிகூடக் குடிக்க மாட்டார்.

பயந்துபோய், பௌதிகம் படித்தவரான எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். பூசைக்கு முன் சைக்கிளில் வந்து கேட்டார். பிறகு என்னை வாசலுக்கு அழைத்து, உச்சியில் பளிச்சென்றிருந்த ஒன்றைக் காட்டினார்.

"அது வியாழன்மா. அந்தக் கிரகத்தைச் சுத்திப் பெரிய காந்த மண்டலம் இருக்கு. அங்கிருந்து ரேடியோ அலை தானா வருதுன்னு கொஞ்ச வருசம் முந்திதான் கண்டுபுடிச்சாங்க. இது அதாத்தான் இருக்கணும். யாரும் அனுப்பற சேதி இல்லம்மா."

அன்றைக்கே மாமியாரிடம் சொன்னேன்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றது நம்ம வூட்டுல கேக்குது. எம் பையன் பேச்சு ஒண்ணு கேக்கலியே கண்ணு" என்று என் தோளில் சாய்ந்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் தந்தி வந்தது. என் கணவர் எல்லையில் இறந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்த என் அப்பா என்னைக் கையோடு கூட்டிப்போகப் பார்த்தார். மாமியார் அவரிடம், "இங்கியே இருக்கட்டுங்க, நான் படிக்க வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ என்னா சொல்ற?" என்று கேட்டார். என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. இருக்கிறேன் என்றேன்.

டீச்சராகி ரிட்டயரும் ஆகிவிட்டேன். மாமியார் போய்ப் பல வருடமாகிறது. பெற்றவள் எனக்கு இருந்தாள். ஆனாலும் அம்மா என்று நினைத்தால் இன்றும் முதலில் வருவது, தன் துக்கத்துக்கு நடுவிலும் என் விருப்பத்தைக் கேட்ட அந்த முகம்தான்.