லிப்டுக்கு ஒப்பாரி வைத்த எங்கள் அக்கா

அன்பான உறவினர்களே, அக்கம்பக்கத்தாரே,

எங்கள் அக்கா, மேரு என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, படிப்பை விட்டுக் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து எங்களை ஆளாக்கினார். அத்தானைக் கைப்பிடித்துக் கம்போங் மேடான் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடிக்கு வந்தார். பிள்ளைச் செல்வம் இல்லை. வாய்ச் செல்வம் நிறையவே உண்டு. அவர் வருவதைப் பார்த்தாலே பாசார் சந்தை மீன்காரர் விலையைக் குறைத்துவிடுவார்.

சர்க்கரை வியாதி அத்தானின் ஒரு காலைக் கொண்டுபோயிற்று. டயாலிசிஸுக்கு அவர் அடிக்கடி கீழே இறங்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து லிப்ட் நின்றது. அக்காதான் அவரைத் தாங்கித் தாங்கிப் படியிறக்கினார்.

லிப்டைச் சரிசெய்வது பற்றிப் பேச, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மரியாதையாகக் கூட்டத்துக்கு அழைத்தார். ஈ, காக்காகூட வரவில்லை. அடுத்த வாரம் குரல் பதிவில் ஒப்பாரியே வைத்துவிட்டார்.

“ஐயோ, என் ராசா! ஏத்தி எறக்கி எங்களச் சொமந்த மகராசா! நம்ம லிப்டு பேச்சு மூச்சில்லாம கெடக்குறாரு. பால் ஊத்த எல்லாரும் கீழ வாங்கலா!”

கட்டடமே திரண்டது. அக்கா லிப்ட் கதவுக்கு மாலை போட்டு, தமிழிலும் மலாயிலும் மாரடித்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துப் படம் பிடித்தார்கள். “நாளைக்கு ஒண்ணா மேனேஜ்மெண்ட் ஆபீசுக்குப் போவோம். எங்க வீட்டுக்காரருக்கு வேற வழி இல்லலா” என்று அவர் அழுதபோதும் கை தட்டினார்கள்.

மறுநாள் போனது அக்காவும் நானும்தான். “ஆன்டி, செம காமெடி! அடுத்த ஷோ எப்ப?” என்று மட்டும் வழியில் கேட்டார்கள்.

பிறகு குறி சொல்வதுபோல் பேசிப் பார்த்தார், லிப்டை ஏலம் விட்டுப் பார்த்தார். கேட்டார்கள், சிரித்தார்கள். பாழாய்ப்போன லிப்ட் அசையவில்லை.

போன மாதம் அரிசி மூட்டையோடு ஏறியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். “மூச்சு முட்டுது. ஆறாவது மாடிப் படியில இருக்கேன். யாராச்சும் வாங்க.” அன்று அக்கா வாட்ஸ்அப்பில் பேசியது அவ்வளவுதான். பதிலுக்குச் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. புது ஷோ என்று நினைத்தார்களாம். ஒருவர் படியிறங்கி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஆனாலும் வயிறு எரிகிறது.

அக்காவைத் தோளில் சுமந்து படியிறக்கிய தம்பிமார்களுக்கும், துக்க வீட்டுக்குச் சோறாக்கித் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரியத்துக்கு வந்து கீழே நிற்கும் பெரியவர்களே, முட்டி வலியோடு ஏற வேண்டாம். லிப்ட் இன்னும் ஓடவில்லை. ஒன்பதாம் மாடிக் கம்பியோரம் அத்தான் உட்கார்ந்து உங்களைக் கும்பிடுகிறார், அண்ணாந்து பாருங்கள். நாளைக் காலையில் அவர் டயாலிசிஸுக்கு இறங்க வேண்டும்.