வடக்குச் சுவர்

எனக்குத் திசை தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில், நாலு புத்தகம் எழுதி அச்சிலும் பார்த்த பிறகு, இதை ஒப்புக்கொள்வது அவ்வளவு மரியாதையாக இல்லைதான். ஓட்டோக்காரர் தொலைபேசியில், 'கிழக்கு வாசலிலா நிற்கிறீர்கள், மேற்கு வாசலிலா?' என்று கேட்டால், 'பழக்கடைக்குப் பக்கத்தில்' என்று சமாளிக்கிறேன். இந்தக் குறையால் பெரும்பாலும் எனக்குத்தான் அலைச்சல். ஒரே ஒருமுறை, பத்து வயதில், இன்னொருவரின் உயிர் போகப் பார்த்தது.

அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், மானிப்பாயில், பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா சட்டத்தரணி. இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கி, நீதிமன்றம் மூடிக் கிடந்தது. அங்கே இப்போது ஆடுகள்தான் ஆஜராகின்றன என்று அவரே சொல்வார். ஆனாலும் தன் கறுப்புக் கோட்டை வெள்ளிக்கிழமை தவறாமல் வெயிலில் போடுவார். வழக்கு வராவிட்டாலும் கரப்பான் வருமே.

பழைய இரும்பு வாங்கும் காக்கா வாரத்தில் ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வருவார். முஸ்லிம் மனிதர்; அவர்களை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். பின்னேரத் தொழுகைக்கு நேரமானால் எங்கள் கிணற்றடியில் கைகால் கழுவி, மாமரத்தின் கீழ் துணி விரித்துத் தொழுவார். தண்ணீர் அள்ளிக் கொடுப்பது என் வேலை. தொழுமுன் மடியிலிருந்து ஒரு பித்தளைத் திசைகாட்டியை எடுத்துப் பார்ப்பார். யாரோ விற்ற, தேநீர் கொதித்து ஓட்டையான கேத்தல்களோடு சேர்ந்து வந்த சாமான் அது. மக்கா மேற்குப் பக்கம் என்பது அது இல்லாமலே அவருக்குத் தெரியும். ஆனால் அப்படியொன்று கையில் இருக்கும்போது பார்க்காமல் இருக்க முடியுமா?

பலாலி இராணுவ முகாமிலிருந்து ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம். இயக்கப் பெடியள் ஊருக்குள் உளவாளிகளைத் தேடினார்கள். ஒருநாள் சந்தியில் காக்காவை மறித்துச் சோதித்தபோது திசைகாட்டி அகப்பட்டது. ஷெல் அடிக்க முகாமுக்குக் குறி எடுத்துக் கொடுக்கிறார் என்று அங்கேயே முடிவாயிற்று. அது தொழுகைக்கு, வேண்டுமானால் சட்டத்தரணி வீட்டில் கேட்டுப்பாருங்கள் என்று அவர் மன்றாட, இரண்டு பெடியள் அவரை எங்கள் வாசல் படலைக்குக் கொண்டுவந்தார்கள். உளவாளி என்று கொண்டுபோகப்படுபவர்கள் வீடு திரும்புவது அரிது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

பெரியப்பா, கொஞ்சம் பொறுங்கோ என்று உள்ளே போனார். வரும்போது இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே கறுப்புக் கோட்டு. பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். முதல் வேலையாகப் பெரியப்பா காக்காவுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

“அவர் நிக்கட்டும், ஐயா,” என்றான் பெடியளில் மூத்தவன்.

“குற்றம் நிரூபிக்கும் மட்டும் அவர் என்ரை வீட்டுக்கு வந்த மனிசர், தம்பி. நீங்களும் இருங்கோ.”

இருந்தார்கள். தோளில் தொங்கிய துவக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

“சோனகரிலை கவனமா இருக்கச் சொல்லியிருக்கினம்,” என்றான் மூத்தவன். முஸ்லிம்களைத்தான் சொன்னான்.

“இவர் சோனகர் எண்டது குற்றமோ, திசைகாட்டி வைச்சிருந்தது குற்றமோ? ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ. ரெண்டுக்கும் சேர்த்து என்னாலை வாதாடேலாது.”

மூத்தவன் யோசித்தான். திசைகாட்டி என்றான்.

“அப்ப சாட்சி ஆர்?”

சாட்சி நான். காக்கா தொழுவதைக் கிட்ட நின்று பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

“தங்கச்சி, உவர் எந்தத் திசையைப் பாத்துக்கொண்டு நிக்கிறவர்?” என்று மூத்தவன் என்னைக் கேட்டான்.

வகுப்பில் நான் கெட்டிக்காரி. “வடக்கு, அண்ணை,” என்றேன் கணீரென்று.

பலாலி எங்களுக்கு வடக்கே இருந்தது. காக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூத்தவன் எழும்பினான்.

“இரும், தம்பி. நான் இன்னும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யேல்லை.” பெரியப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “வடக்கு எண்டு நீர் எதை வைச்சுச் சொல்லுறீர்?”

என்னை அவர் 'நீர்' என்றது அதுதான் முதலும் கடைசியும்.

“பள்ளிக்கூடத்திலை இலங்கைப் படம் தொங்குற சுவர்தான் வடக்கு. படத்திலை மேல்பக்கம் வடக்கு எண்டு ரீச்சர் சொன்னவ. காக்காவும் அந்தப் பக்கம் பாத்துத்தான் கும்பிடுறவர்.”

“அந்தச் சுவர் எந்தப் பக்கம் எண்டு இஞ்சையிருந்து கையாலை காட்டும்.”

காட்டினேன். நீட்டிய விரலுக்கு நேரே, பனைகளுக்கு நடுவில், சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

இளையவன் சிரித்துவிட்டான். மூத்தவன் திசைகாட்டியைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையைப் பிறகு என் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதியவர்களிடம்தான் கண்டேன்.

“எண்டாலும் ஒருக்காக் கொண்டுபோய் விசாரிச்சுப்போட்டு விடுறம், ஐயா.”

“இப்ப நடந்தது என்ன, கலியாணப் பேச்சோ? சாட்சி சொல்லியாச்சு. இனியும் கொண்டுபோறதெண்டால், சோனகர் எண்டதுக்காகத்தான் கொண்டுபோறம் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுக் கொண்டுபோங்கோ.”

அவன் சொல்லவில்லை. திசைகாட்டியை மட்டும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் காக்கா நன்றிக்கடனாகப் பளபளவென்று துலக்கிய பித்தளைச் செம்பு ஒன்று கொண்டுவந்தார். அது பெரியம்மா அவருக்கு விற்ற செம்புதான்.

சில மாதங்களில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி இயக்கத்தார் சொன்னார்கள். செய்தி எங்களுக்கு எட்டியபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். பெரியப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு படலைவரை நடந்தார். யாரிடம் போய் வாதாடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். நான் அவரிடம், அவ்வளவு பேரிடமும் திசைகாட்டி இருந்ததா என்று கேட்டேன். சரியான திசையைக் காட்டிவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். பெரியப்பா கோட்டைக் கழற்றினார்.

பல வருடங்கள் கழித்து, வெளியேற்றப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் காக்காவைக் கண்டேன். அங்கும் பழைய இரும்புதான். அந்தப் பின்னேரத்துக் கதையை, என் விரலுக்கு உரிய இடம் கொடுத்து, விஸ்தாரமாகச் சொன்னேன். தேநீர் ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“நீங்கள் எந்தப் பக்கம் காட்டியிருந்தாலும், பிள்ளை,” என்றார், “எங்களைத் தெற்குப் பக்கம்தான் அனுப்பியிருப்பாங்கள்.”