யசோதையின் பஃப் கை

பாளையத்தில் எலிசாளின் தையல் மிஷினுக்கு முன்னால் ரவிக்கைத் துணியோடு உட்கார்ந்தால், அளவை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. டாக்கிப் படம், கடவுள், அரசாங்கம் மூன்றைப் பற்றியும் அவளுடைய அபிப்பிராயத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். கேட்டால்தான் சொல்வேன் என்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

அந்த வருஷம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சபைப் பாடகர் குழுவில் பதினோரு வருஷமாகப் பின்வரிசையிலேயே நின்றவளுக்கு, அறுப்பின் பண்டிகையில் தனியாகப் பாட முதல் தடவையாக இடம் கிடைத்திருந்தது. மிஷினை மிதிக்கும்போதும் அந்தப் பாட்டு, மீன் கழுவும்போதும் அதே பாட்டு.

பண்டிகை வரைக்குமாவது வீட்டோடு கிடந்திருக்கலாம். ஆனால் கிருஷ்ணன் படம் ஒன்று புதிதாக வந்து தொலைத்ததே! பக்கத்து வீட்டு முத்தாரம்மாள், நாஞ்சில் நாட்டுக்காரி, "யசோதைக்கு ரவிக்கைக் கை பலூன் கணக்கா பொங்கி நிக்காம்" என்று வேறு கிளப்பிவிட்டாள். சபையார் டாக்கிக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. தையல்காரி ரவிக்கை பார்க்கப் போவது தொழில். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முத்தாரம்மாளையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கே போய்விட்டாள்.

திரையில் கிருஷ்ணன் வந்ததும் முத்தாரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எலிசாளுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இந்தக் கிருஷ்ணனுக்கு நாப்பது வயசாக்கும். வெண்ணெய் தின்ன தொந்தியப் பாரு!"

"சாமியச் சொல்லாத, எலிசா."

"சாமிய யாரு சொன்னா? தொந்தியல்லா சொன்னேன்."

நடுவில் யசோதை ராட்டையோடு உட்கார்ந்து, இடது கையால் அதைச் சுற்றிக்கொண்டே சுயராஜ்யப் பாட்டு ஒன்று பாடினாள். ஆயர்பாடிக்கு ராட்டை எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, கொட்டகையே விசிலடித்தது. எலிசாளும் கை சிவக்கத் தட்டினாள்.

சனிக்கிழமை காலையிலேயே மேலிடத்து உத்தரவு வந்து அந்தப் பாட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு படம் பார்த்தவர்கள் அவளிடம் வந்து புலம்பினார்கள். "மொத நாளே போயிருக்கணும்" என்று அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

பெருமை சபைக் கமிட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார்கள். போதகர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, டீக்கன் சுவாமிதாஸ் எழுந்து நின்றார்.

"டாக்கி பாத்தவ பண்டிகையில தனியா பாடப்படாது. பாட்ட வேற ஆளுக்குக் குடுக்கணும்."

எலிசாளுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. ரவிக்கை பார்க்கத்தான் போனேன் என்று சொல்ல வாயெடுத்தாள். இனி சாகும் மட்டும் பின்வரிசைதான் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

சுவாமிதாஸ் அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"அது பக்திப் படமுமில்ல, ஒரு மண்ணுமில்ல. யசோதை எடது கையால ராட்டை சுத்திக்கிட்டு சுயராஜ்யம் பாடுதா! சாமி கதையில காங்கிரசுக்கு எந்தா வேலை?"

எலிசாள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"ஐயா, அந்தப் பாட்டு வெள்ளிக்கிழமை ஒரு நாள்தானே ஓடிச்சு? சனிக்கிழமையே வெட்டியாச்சே. எடது கைன்னு இத்தன கிருத்யமா, கண்ணால பாத்த கணக்கா சொல்லுதீங்களே, கொட்டகையில நீங்க இருந்தது பெஞ்சுலயா, தரையிலயா?"

"எங்கிட்ட… ஆளு வந்து சொன்னாவ."

"எந்த ஆளு?" என்றார் போதகர். சபை ஆளாக இருந்தால் அந்த ஆளையும் விசாரிக்க வேண்டுமே!

சுவாமிதாஸ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போதகர் நெடுநேரம் இருமினார். பிறகு, பாட்டு எலிசாளுக்கே இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை டீக்கனின் மனைவி சரோஜம் வெள்ளைத் துணியோடு எலிசாளின் மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"பண்டிகைக்கு உடுக்கணும். கையில மூணு மடிப்பு, ஓரத்துல நாடா வச்சு ஒரு முடிச்சு. யசோதைக்கு அப்பிடித்தானாம், வீட்டுல அவிய சொன்னாவ."

எலிசாள் ஒரு மடிப்புக் குறையாமல் தைத்துக் கொடுத்தாள்.

பண்டிகையன்று அவள் பாட எழுந்தபோது, பெண்கள் பக்கம் முன்வரிசையில் இரண்டு பலூன் கைகள் பொங்கி நின்றன. ஆண்கள் பக்கம் சுவாமிதாஸ் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எலிசாள் சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கடைசி அடி வரைக்கும் திறக்கவில்லை.

என்ன பக்தி, என்ன பக்தி என்று சபையே உருகிப்போனது. கண்ணைத் திறந்திருந்தால் சிரித்திருப்பாள்.