ஏரிக்கரைக் கடையில் ஒரு கெண்டை முள்

வேங்கிக்கால் ஏரிக்கரையில் இருந்த மீன் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. வண்டிக்காரர்களும் தாலுகா கச்சேரி குமாஸ்தாக்களும் சந்தைக்கு வருகிறவர்களும் அங்கே சாப்பிடாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். கோயிலை ஒட்டிய எங்கள் தெருவில் மட்டும் அந்தக் கடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலூர் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

அப்பா அண்ணாமலையார் கோயில் குருக்கள். நான் மதராஸில் பரிசோதனைக்கூடப் பயிற்சி முடித்து, ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தமும் சளியும் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஒரு மத்தியானம் நோயாளி யாரும் இல்லாதபோது என் விரலையே குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தேன். அமிலத்தில் கரைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பழுப்பு நிறம் பக்கத்தில் இருக்கும் மாதிரிக் கண்ணாடியோடு ஒத்துப்போகும் இடத்தைக் குறிக்க வேண்டும். சில சொட்டுகளிலேயே நிறம் வெளுத்துவிட்டது. தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் செய்தேன். அதே அளவுதான். ரத்த சோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்குக் காரணம் தெரிந்தது.

டாக்டர் ஈரல் சாப்பிடச் சொன்னார். உடனே என் அப்பா யார் என்பது ஞாபகம் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீனாவது, முட்டையாவது என்று பாதிக் குரலில் சொல்லிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. எங்கள் வார்டு நர்ஸ், தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்தவர், மருந்து என்று நினைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒப்புக்கொண்டேன்.

பயங்களை வரிசையாக எழுதிக்கொண்டால் பாதி குறையும் என்பது என் பழக்கம். இதை எழுத முடியாது, மனத்துக்குள்ளேயே வரிசைப்படுத்தினேன். யாராவது பார்த்துவிடலாம்: கடையில் பெண்களுக்குத் தனியாக ஓலைத் தட்டி மறைப்பு உண்டு. கையில் வாசனை ஒட்டலாம்: ஆஸ்பத்திரி கார்பாலிக் சோப்பு எதையும் மறைத்துவிடும். வாந்தி வரலாம்: நர்ஸ் பக்கத்தில் இருப்பார். விஷயம் வெளியே தெரிந்தால், முறை போட்டுக்கொண்டு பூஜை செய்யும் பங்காளிகள் அப்பாவைக் கருவறைக்குள் விட மாட்டார்கள். பூஜை முறை போய்விட்டால் அப்பாவுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

குதிரை வண்டியில் படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டு போனோம். கரைமேல் இறங்கியதும் ஈர வலையின் வாசனை முகத்தில் அடித்தது. ஏரி நிறையத் தண்ணீர். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. கடைக்கார அம்மாள் எங்களுக்குத் தாமரை இலை போட்டார். விரால் தீர்ந்துவிட்டது, கெண்டைதான் இருக்கிறது என்றார். கடல் மீன் தின்ற வாய்க்கு ஏரி மீன் சேறு மாதிரி இருக்கிறது என்று நர்ஸ் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"அப்ப வாராவாரம் சேறு துன்னத்தான் வர்றீங்களா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் அவருக்கு இன்னொரு துண்டு வைத்தார்.

என் இலையில் சோறும் குழம்பும் விழுந்தன. புளி, மாங்காய், மிளகாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கில் வைத்தபோது அது ஏறக்குறைய எங்கள் வீட்டுப் புளிக்குழம்பு மாதிரியே இருந்தது. அதில்தான் ஏமாந்தேன். எங்கள் வீட்டில் குழம்பில் கிடக்கும் காயை நசுக்கிச் சோற்றோடு பிசைந்துகொள்வோம். மீன் துண்டையும் அப்படியே நசுக்கினேன். விரல்களுக்குள் அது சுலபமாக உடைந்தது. சோறு முழுக்கக் கலந்து, உருட்டி, ஒரு வாய் விழுங்கி, இரண்டாவது வாயையும் போட்டுக்கொண்டேன். நர்ஸ் தன் இலையில் குனிந்திருந்தார்.

குழம்புச் சட்டியோடு வந்த கடைக்கார அம்மாள் என் இலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? மீனப் போய் கத்திரிக்கா மாதிரி பெசஞ்சி வெச்சிக்கிற?"

பிறகு என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி, "கோயிலாண்ட வூடா உனுக்கு?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் ஏதோ குறுக்கே நின்றது.

இருமல் வந்தது. முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். தட்டிக்கு அப்பால் இருப்பவர்களில் யாருக்கு என் குரல் தெரியுமோ. அந்த அம்மாள் வெறும் சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். வாழைப்பழம் கொடுத்தார். அதுவும் இறங்கியது, முள் இறங்கவில்லை. எச்சில் துப்பினால் சிவப்பாக வந்தது. நர்ஸ் என்னை வெளிச்சத்தில் திருப்பி, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை என்றார். டாக்டரிடம் இடுக்கி இருக்கிறது, உடனே போகலாம் என்றார்.

தலையை ஆட்டி மறுத்தேன். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் முதல் தோட்டி வரைக்கும் அப்பா கையால் விபூதி வாங்குகிறவர்கள். மீன் முள் என்று ஒருவர் சொன்னால் போதும், சாயரட்சை பூஜைக்குள் செய்தி சன்னதிக்குப் போய்விடும்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா. ஆனா முள்ளு சும்மா இருக்காது," என்றார் கடைக்கார அம்மாள். என் இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

வீட்டுக்கு வந்தபோது கைகள் கார்பாலிக் சோப்பில் கழுவிக் கழுவித் தோல் உரியும்படி இருந்தன. வாசலிலேயே அம்மா செய்தி சொன்னாள்: முறையில் இருந்த சித்தப்பாவுக்குக் கடும் காய்ச்சல், நாளை விடியற்காலையிலிருந்து அப்பாதான் போகிறார். அப்பாவின் மடி வேஷ்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் தொடாமல் ஒதுங்கிப் போனேன்.

தயிர் சாதத்தின் முதல் கவளத்திலேயே கண்ணில் நீர் முட்டியது. அம்மா என் பின்னாலேயே கிணற்றடிக்கு வந்தாள். நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். என்னை நோக்கி நீட்டிய கையை அவள் பாதியில் இழுத்துக்கொண்டு, அப்பா இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி, "சரி, கொல்லை ரூமுக்குப் போ. மூணு நாள் உள்ளே வராதே," என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாட்களில் பெண் எதையும் தொட மாட்டாள். தட்டு தனி, பாய் தனி. யாரும் காரணம் கேட்பதில்லை. ஒரே பேச்சில் அம்மா என்னை அப்பாவின் தண்ணீரிலிருந்தும் துணியிலிருந்தும் விலக்கிவிட்டாள். ஆனால் கொல்லை அறைப் பாயில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது. நான் போன தடவை அங்கே உட்கார்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மூன்றே பேர் இருக்கும் வீட்டில் அது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது.

முள் உள்ளே குத்தி நின்றால் என்னவெல்லாம் ஆகும் என்று படித்திருக்கிறேன். காய்ச்சல், கழுத்து வீக்கம், சீழ். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். தாடைக்குக் கீழே அழுத்தினேன். வலிப்பது முள்ளா, நான் அழுத்தியதா என்று தெரியவில்லை. படித்ததில் ஆறுதல் தரும்படி ஒன்றும் இல்லை.

மறுநாள் உச்சிக்கால பூஜை முடித்து அப்பா வந்தார். சுவருக்கு அப்பால் அவர் குரல் கேட்டது. "இப்பத்தானே ஆச்சு அவளுக்கு?" என்றார். உடம்பு சரியில்லை, ரத்தம் கம்மி என்கிறாள் என்று அம்மா சொன்னாள். அப்புறம் வாசல் கதவு சத்தம். டாக்டரைப் பார்க்கத்தான் போகிறார் என்று அம்மா வந்து சொன்னாள். தீட்டு என்று முறையில் இருக்கும் குருக்கள் யாரும் ஆஸ்பத்திரிப் படி மிதிப்பதில்லை.

திரும்பி வந்தவர் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டார். ஈர வேஷ்டியோடு முற்றத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"டாக்டர் மாத்திரையைப் பத்தி சொன்னார். வேற ஒண்ணும் சொன்னார். உங்கிட்டயும் சொன்னாராம்."

"சொன்னார்ப்பா."

என் குரல் கரகரவென்று வந்தது. அப்பா திரும்பவில்லை. வேஷ்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ என்ன பண்ணினேன்னு நான் கேக்கல. இப்ப சொல்லவும் சொல்லாதே. தெரிஞ்சுண்டா நான் சாயங்காலம் உள்ளே போக முடியாது. முறை முடியட்டும்."

அதற்கு அடுத்த நாள் அம்மா வைத்த சாதத்தை விழுங்கினேன், குத்தவில்லை. எப்போது இறங்கியது என்று தெரியாது. காய்ச்சலும் வரவில்லை. ஆனால் முறை முடிவதற்கு இன்னும் நாட்கள் இருந்தன. தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வந்த பிறகும் அப்பா கோயிலுக்குப் புறப்படும் ஒவ்வொரு வேளையும், இன்றைக்கு யாராவது அவரை வாசலில் நிறுத்திக் கேட்டுவிடுவார்களோ என்று காத்திருந்தேன்.

முறை முடிந்த அன்று அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்தார். நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: கடை, கெண்டை, பிசைந்தது, இருமலை அடக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முள் போயிடுத்தா?"

"போயிடுத்துப்பா."

"எனக்கு இனிமே தை மாசம்தான் முறை. அதுக்குள்ள டாக்டர் சொன்னபடி ரத்தத்தை ஏத்திக்கோ."

அம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டாள்.