ஸ்ரீதேவி கண்ணாடி கழற்றிய ஆடி

புதுப்பட்டினம் வேண்டாவின் மகள் ஸ்ரீதேவிக்குப் பார்வை ஒரு ஜாண் தூரம். அதற்குள் இருப்பதெல்லாம் துல்லியம். அதைத் தாண்டினால் மனிதர், மாடு, மரம் எல்லாம் ஒரே கலங்கல். ஆறாம் வகுப்பில் போர்டில் இருப்பது தெரியாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதி, அவள் போட்ட தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொண்டாள். கண்ணாடி வந்தது. கூடவே சோடாபுட்டி என்ற பட்டப்பெயரும் வந்தது. பள்ளிக்கூடம் முடிவதற்குள் கண்ணாடியும் தடித்தது, பெயரும் ஊறிப்போனது.

ஸ்ரீதேவிக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அம்மாவுக்குத்தான். வேண்டா, அவளைப் பெற்றவர்களுக்கு வரிசையாகப் பிறந்த பெண்களில் கடைசி. இனியும் பெண் கொடுக்காதே என்று சாமிக்குச் சொல்வதற்காகவே அந்தப் பெயரை வைத்தார்கள். அப்படியொரு பெயரைச் சுமந்துகொண்டு ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போனவள், தன் மகளை ஒருத்தரும் தட்டிக் கழித்துவிடக் கூடாது என்பதில் வெறியாக இருந்தாள். அப்படியும் கழித்தார்கள். செய்யூர்ப் பக்கத்திலிருந்து முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் கீது, கண்ணாடிதான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அடுத்த வரன் திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். நிலம் இருந்தது, அதைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேன்கள் இருந்தன. மூத்தவன் பரணிதரன் அந்த வேன்களில் சிறுசேரி ஐடி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அதற்குள் ஸ்ரீதேவியும் கல்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்து, காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று பரணிதரனின் அம்மா செல்லம்மா அவள் முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? எங்க பொண்ணு கழுகு மாதிரி பாக்கும்" என்றாள் வேண்டா.

திருக்கழுக்குன்றத்துக்காரர்களிடம் போயா கழுகை இழுப்பாள்? அங்கேயே மலைக்கோயிலுக்குக் கழுகு வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. ஆனால் யாரும் அதை யோசிக்கவில்லை. ஸ்ரீதேவி காபித் தட்டோடு நின்றிருந்தாள். சொல்ல அவளுக்கும் வாய் இருந்தது. சொல்லாமல் தட்டை நீட்டினாள். அந்த நிமிஷம் அவளுக்கு வெட்கமோ பயமோ வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மாசியில் கல்யாணம். புகுந்த வீட்டில் லென்ஸ் டப்பாவைக் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். விளக்கணைத்த பிறகு கழற்றுவாள், மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் எழுந்து மாட்டுவாள். லென்ஸ் கழுவும் மருந்தைப் பார்த்து மாமியார் கேட்டதற்கு சைனஸ் என்றாள். பரணிதரன் நல்ல மாதிரிதான், வாரம் தவறாமல் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கிக் கொடுப்பான். ஆனால் அவன் பக்கத்தில் படுத்திருக்கும்போதெல்லாம் அவளுக்கு லென்ஸ் டப்பாவின் நினைப்புதான். சில நாள் அலுப்பில் லென்ஸோடேயே தூங்கிவிட்டாள். கண் கோவைப் பழமாகச் சிவந்தது. செல்லம்மா மெட்ராஸ் ஐ என்று முடிவு கட்டி அவளுக்குத் தனித் தட்டு, தனித் துண்டு வைத்தாள்.

செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் அம்மாவும் மகளும் ரகசியமாகப் போனார்கள். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டு, லென்ஸ் இனி ஒத்துவராது, வேண்டுமானால் லேசர் செய்துகொள் என்றார். ஒரு நிபந்தனையும் சொன்னார். லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வடிவம் மாறியிருக்கும். அது தன் வடிவத்துக்குத் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் லென்ஸே போடக் கூடாது. அப்புறம்தான் ஸ்கேன், அப்புறம்தான் லேசர். நடுவில் ஒரு நாள் போட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செல்லம்மா வீட்டில் லென்ஸ் இல்லாமல் இரண்டு வாரமா? வாசலில் நிற்பது பால்காரரா மாமனாரா என்று கூடத் தெரியாது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் கரும்புச் சாறு குடிக்கும்போது வேண்டாவுக்கு யோசனை வந்தது.

"ஆடி வருதுடி! கல்யாணம் ஆன மொதோ ஆடி. எப்டியும் உன்ன நம்ம வூட்டுக்குத்தான் கூட்டினு வரணும். மாசம் பூரா இங்கதான் இருப்ப. லென்ஸக் கழட்டிப் போட்டுட்டு கண்ணாடி மாட்டிக்கோ. நடுவுல லேசர முடிச்சிட்டா, ஆவணிக்குப் புதுக் கண்ணோட போயிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆடியில் பிரித்து வைக்கும் வழக்கத்தை வைத்து இப்படி ஒரு வேலை பார்த்தவள் இந்த ஜில்லாவிலேயே வேண்டா ஒருத்தியாகத்தான் இருப்பாள். திட்டத்தில் பழுது சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மறந்துபோனாள். பதினெட்டாம் பெருக்குக்கு மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்து வேட்டி சட்டை வைத்துக் கொடுப்பதும் அதே ஆடியில்தான்.

அது ஸ்கேனுக்கு முந்தின நாளாக வந்து தொலைத்தது. "ஒரு நாள் லென்ஸ் போட்டா இன்னா ஆயிடும்? டாக்டராண்ட சொல்லாத" என்று வேண்டா காலையிலிருந்து கெஞ்சினாள். ஸ்ரீதேவி மாட்டேன் என்றுவிட்டாள். தைரியம் என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் கழற்றி வைத்ததை மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் எப்படியாவது சமாளிப்பது என்று முடிவாயிற்று.

பரணிதரன் தனியாக வரவில்லை, தம்பி விஷாலையும் கூட்டி வந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே உயரம். போதாததற்கு உறவில் நடந்த காதுகுத்துக்காக ஒரே துணியில் எடுத்த நீலச் சட்டையை இரண்டு பேரும் போட்டிருந்தார்கள். வாசல் வெளிச்சத்தில் இரண்டு நீலம் உள்ளே வந்தது.

"நீயே குடும்மா" என்று வேண்டா தட்டை மகள் கையில் திணித்தாள். வேட்டி, சட்டை, வெற்றிலை பாக்கு, பூ, பழம். ஸ்ரீதேவி சிரித்த முகமாக நேரே போய் இடது பக்கத்து நீலத்திடம் தட்டை நீட்டி, "இன்னாங்க, இப்டி எளைச்சிட்டீங்க?" என்றாள்.

"அண்ணி... நான் விஷாலு" என்றது நீலம்.

விஷால்தான் முதலில் சிரித்தான். வேண்டாவும் சத்தமாகச் சிரித்து, பெண் விளையாடுகிறாள் என்று ஒப்பேற்றப் பார்த்தாள். பரணிதரன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "என்னத் தெரியலயா உனக்கு?" என்று கேட்டான்.

"தெரியல" என்றாள் ஸ்ரீதேவி.

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. தடவிக்கொண்டே போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். ஆறாம் வகுப்பிலிருந்து போடுவதையும், லென்ஸையும், லேசரையும் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். அவளுக்கே அது யாரோ ஒருத்தியின் கதையாகக் கேட்டது.

"எங்கம்மா வாயத் தொறந்து கேட்டாங்கல்ல? அவங்களாண்ட நான் இன்னான்னு சொல்றது?" என்றான் பரணிதரன். அவன் தட்டைத் தொடாமல் வெளியே போய் வண்டியை எடுத்தான். விஷாலுக்குச் சமையலறையிலிருந்து வந்த வடை வாசனையை விட்டுப் போக மனசில்லை என்றாலும், அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

வேண்டா அடுப்படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். ஸ்ரீதேவி விருந்துக்குப் போட்டிருந்த வெறும் இலைகளை மடித்து எடுத்தாள்.

மறுநாள் டாக்டரம்மா அனுப்பிய சென்னை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கருவிழி தடிமன் போதும், வடிவம் சரியாகிவிட்டது என்றார்கள். அந்த வாரமே லேசர். மரத்துப்போக மருந்து விட்டார்கள், இமை மூடாதபடி ஒரு கம்பியை மாட்டினார்கள். "மேல தெரியற லைட்டயே பாருங்கம்மா, வலிக்காது" என்றார் டாக்டர். வலிக்கவில்லை. முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. இரண்டாவது கண்ணும் முடிந்து அவளை எழுப்பி உட்கார வைத்தபோது, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் மங்கலாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் எல்லாமே தெரிந்தது. ஈசிஆரில் வரும்போது திருவிடந்தை தாண்டிச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வந்து வந்து போனது. அலையின் மடிப்பு கூடத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் ஏங்கியது இதற்குத்தானே, சந்தோஷப்படு என்று அவள் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. இனி அந்த வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் பயமாக இல்லாமல் வெறும் கேள்வியாக.

ஆவணி பிறந்தது. பரணிதரன் வேனோடு வந்தான். மருமகளை அழைக்காமல் விட்டால் ஊர் என்ன பேசும் என்று செல்லம்மா அனுப்பியிருக்கிறாள். அவன் இறங்கவில்லை, ஹாரன் மட்டும் அடித்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, "இப்போ தெரியுதா?" என்றான். "தெரியுது" என்றாள். வழி முழுக்க அவ்வளவுதான் பேச்சு.

செல்லம்மா வாசல்படியிலேயே நின்றிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் காட்டி, "அங்க இன்னா போட்டுகீது, படி" என்றாள்.

ஸ்ரீதேவி படித்தாள். தேதி, நட்சத்திரம், ராகுகாலம், அடியில் பொடி எழுத்தில் இருந்த உரக்கடைப் பெயர் வரைக்கும் படித்தாள்.

"கண்ண சரி பண்ணிக்கின. உங்காத்தா சொன்ன பொய்ய இன்னா பண்ணப்போற? பக்கத்துல நின்னு கேட்டுக்கினுதான இருந்த நீ?"

பதில் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீதேவிக்குத் தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழுந்தால் முடிந்துவிடும் என்றும் தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் நிற்க மனசில் எதுவும் இல்லை. வெயிலில் வந்ததில் கண் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தியது. லேசர் செய்த கண் சில மாதம் வறண்டுபோகும், உறுத்தும்போதெல்லாம் விட்டுக்கொள் என்று டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து கைப்பையில் இருந்தது. பெரியவர்கள் எதிரில் எப்படி என்று சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானை மறைவில் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு திரும்பினாள். மருந்து கன்னத்தில் வழிந்தது.

செல்லம்மாவின் முகம் மாறியது. "ஏய், இன்னாத்துக்கு அழுவுற? யாராவது செத்தா பூட்டாங்க?" என்றபடி படியிறங்கி, தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைக்க வந்தாள். கண்ணைத் தேய்க்கவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஸ்ரீதேவி பதறி, மாமியாரின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, சரி. கையப் புடிச்சிக் கேக்கறியே, நான் இன்னா கல்லா?" செல்லம்மாவின் குரல் உடைந்தது. அவள் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் கொட்டியது. "வாய் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா வேணான்னா சொல்லியிருப்பேன்? டேய் பரணி, பைய எடுத்தாடா உள்ள."

மருந்துங்க அத்தை, என்று சொல்ல ஸ்ரீதேவி வாயெடுத்தாள். பரணிதரன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தான். முன்பல்லில் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. அழ முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே மாமியாரின் கையைப் பிடித்தபடி உள்ளே போனாள்.