கராஜுக்கு இறங்கும் படிகள்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். வேனின் பின்கதவைத் தூக்கி, பனிச்சறுக்குப் பலகைகளை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது அக்கா மகளின் முதுகு. சமையலறையிலிருந்து கராஜுக்கு இறங்க இரண்டே படிகள். அவள் கதவு நிலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் வலது கால். அதை மடக்காமல் ஊன்றிய பிறகு இடது கால். அவளுக்கு அப்போது பதினாறு வயது. மறுநாள் வெர்மான்ட்டில் ஒரு மலைச்சரிவில் போட்டி இருந்தது.

தொண்ணூற்றேழு பிப்ரவரி. நான் ஊரில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு வந்து, நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் அக்கா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். அந்த வீட்டின் குளிர்காலம் முழுவதும் அவளுடைய போட்டிகளைச் சுற்றியே நடந்தது. நான்காம் வகுப்பில் அவளைப் பள்ளியிலிருந்து வடக்கு நியூ ஜெர்சியின் ஒரு குன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கூட வந்த பிள்ளைகள் விழுந்து அழுதுகொண்டிருக்க, இவள் கீழே வந்து சேர்ந்ததும் மறுபடி மேலே போகும் வரிசையில் போய் நின்றாளாம். பார்சிப்பனியில் மென்பொருள் வேலை பார்த்த அத்தான் முதலில் சிரித்தார். பிறகு வீடியோ கேமரா வாங்கினார். ஞாயிறு இரவுகளில் தொலைக்காட்சியில் அவளை ஒவ்வொரு கம்பத்திலும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். சரிவில் சிவப்பும் நீலமுமாய் மாறி மாறி நட்ட கம்பங்களை ஒன்று விடாமல் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிப்பக்கத்துக் கால் ஒன்றே உடல் முழுவதையும் தாங்குகிறது என்பதை அந்தத் திரையில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில் பயிற்சியின்போது வலது முழங்கால் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. அவள் தானாகவே எழுந்து வந்தாள். கோச் முன்னாள் போட்டியாளர், அதிகம் பேசாத அமெரிக்கப் பெண்மணி. முழங்கால் நிபுணர் பார்க்க வேண்டும், பார்த்தவரின் சீட்டு இல்லாமல் சரிவில் கால் வைக்கக் கூடாது என்றார். வெர்மான்ட் போட்டியில்தான் வட்டார அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதில் விடுபட்டால் அந்த வருடம் போயிற்று. அவள் வயதில் ஒரு வருடம் போனால் மற்றவர்கள் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் பொங்கல் பாட்லக், ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவரும் விருந்து. கூடத்தில் இருபது குடும்பங்களின் காலணிகள். சறுக்கும்போது போடும் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்தும் மற்ற இடமெல்லாம் கறுத்தும் இருந்த அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, ஒரு ஆன்ட்டி கேட்டார்: "ஏண்டி, வெயில்ல கறுக்கறதைப் பாத்திருக்கேன், பனியில கூடவா கறுக்கும்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டே உக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சோபாவில் காலை நீட்டியபடியே இருந்தாள்.

எங்கள் வட்டத்தில் யாருக்கு எது வந்தாலும் முதலில் டாக்டர் அங்கிளிடம் காட்டுவதுதான் வழக்கம். அவர் குடல் வயிற்று நோய்களுக்கான மருத்துவர், நல்ல பெயர் எடுத்தவர். காது வலியோ முதுகு வலியோ, சனிக்கிழமை விருந்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடுவார். அன்றும் அத்தான் அவரைக் கூட்டி வந்தார். ஒரு கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டு. மற்றக் கையால் முழங்காலை இரண்டு இடத்தில் அழுத்தினார்.

"நடக்க முடியறதுல்ல?"

"யா, அங்கிள்."

"அப்புறம் என்ன? சுளுக்குதான். ஐஸ் வை, வலிக்கு அட்வில் போடு. எம்.ஆர்.ஐ. கிம்.ஆர்.ஐ. எல்லாம் எடுக்க ஆரம்பிச்சா, இந்த ஊர் டாக்டருங்க ஆறு மாசம் உக்கார வச்சிடுவாங்க."

"அதான் நானும் சொன்னேன்," என்றார் அத்தான். "கோச் ஒரு லெட்டர் கேக்கறாங்க, டாக்டர்."

சீட்டு மறுநாளே வந்தது. அடுத்த வாரம் அதைக் கோச்சிடம் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் இரண்டு முறை படித்தார். இவர் எலும்பு மருத்துவரா என்று கேட்டார். "எங்கள் குடும்ப டாக்டர்," என்றார் அத்தான். கோச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் காலைப் பார்த்தார். போட்டிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கவில்லை.

புறப்படும் காலையில், படியில் கண்டதை அக்காவிடம் சொன்னேன். எலுமிச்சை சாதத்தை ஃபாயிலில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "கெளம்பற நேரத்துல வாயை வச்சிக்கிட்டு சும்மா இருடா. டாக்டரே பாத்துட்டார், உனக்கென்ன?" வேனில் ஐந்து மணி நேரம். அவள் பின்சீட்டில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, வலது காலைப் பைகளின்மேல் போட்டுக்கொண்டு வந்தாள். டோல் கேட்டில் திரும்பிப் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன.

போட்டியில் இரண்டு முறை இறங்க வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். முதல் முறையில் அவள் நான்காவது. அத்தான் கேமராவை எடுக்காமல் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார். இரண்டாம் முறை, சரிவு செங்குத்தாகும் இடத்தில் ஒரு நீலக் கம்பம். அவள் எதன் மீதும் மோதவில்லை. வலது கால் உடலைத் தாங்க வேண்டிய கணத்தில் தாங்கவில்லை, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து, அப்படியே ஓரத்துத் தடுப்பு வலைவரை சரிந்து போனாள். அவள் கத்தவில்லை. கோச்தான் கத்திக்கொண்டே ஓடினார்.

தசைநார் ஜனவரியிலேயே பாதி கிழிந்திருந்தது என்று அறுவை மருத்துவர் சொன்னார். இப்போது முழுவதும் போயிருந்தது, குருத்தெலும்பும் சேர்ந்து. இனிப் போட்டி வேண்டாம் என்பதை அவர் அத்தானிடம் சொல்லவில்லை, நேராக அவளிடம் சொன்னார்.

டாக்டர் அங்கிள் பழக்கூடையுடன் வீட்டுக்கு வந்தார். கட்டுப் போட்ட காலுக்கு எதிரே உட்கார்ந்தார். "இப்படி ஆகும்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண் அவள். அன்று தமிழில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும், அங்கிள்."

அக்கா எழுந்து காபி கலக்கப் போனாள். அத்தான் எங்கும் போகவில்லை. பழக்கூடை அந்த வாரம் முழுவதும் பிரிக்கப்படாமல் மேஜைமேல் இருந்தது.

இது நடந்து நான்கு வருடங்களாகின்றன. அவள் இப்போது கலிஃபோர்னியாவில் படிக்கிறாள், பனியே விழாத ஊர். பலகைகளைக் கோச் வாங்கிக்கொண்டு போய் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். வீடியோ நாடாக்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பொங்கல் பாட்லக் நடக்கிறது, டாக்டர் அங்கிளும் வருகிறார், முதுகு வலியைக் காட்டுகிறவர்கள் இன்னும் காட்டுகிறார்கள். சென்ற டிசம்பர் விடுமுறைக்கு அவள் வந்திருந்தாள்.

சமையலறையிலிருந்து கராஜுக்கு இறங்கும் இரண்டு படிகளுக்கும் அவள் வருவதற்கு முன்பே அத்தான் மரத்தில் ஒரு கைப்பிடி அடித்து வைத்திருந்தார்.