ஆட்டுக் கழுத்தில் கட்டிய குரல்

தொண்டையில் கட்டி எடுத்த பிறகு எனக்குக் குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்; கிட்டே நின்று உதட்டைப் பார்த்தால்தான் புரியும். பேச்சு போனதற்கு நான் கலங்கவில்லை. ஆடுகளைக் கூப்பிட முடியாமல் போனதற்குத்தான் கலங்கினேன்.

இருபத்தொரு வெள்ளாடு. சாயங்காலம் பட்டி வாசலில் நின்று "ட்ர்ரோ... வா வா வா" என்று நான் ஒரு சத்தம் கொடுத்தால், தரிசில் எந்த மூலையில் நின்றாலும் வந்துவிடும். என் மகன் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் வாரம், பக்கத்துப் புஞ்சையின் மிளகாய்ச் செடிக்குள் இறங்கிவிட்டன.

"இன்னொருவாட்டி இறங்குச்சுன்னா அத்தனையையும் வித்துருவேம்மா. ஊர்ச் சண்டை என்னால முடியாது" என்றான் மகன்.

"அதுக்கு முன்னால என்னைய வில்லுலே" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை.

மகளைக் கயத்தாற்றில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் அவளுக்குச் செல்லில் பேசியேதான் அனுப்புவேன். போன வருஷம் பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது அனுப்பிய பேச்சின் தொடக்கத்தில் ஆடுகளையும் கூப்பிட்டிருக்கிறேன். அவள் அதை அழிக்காமல் வைத்திருந்தாள். மிளகாய் விஷயம் தெரிந்ததும் பஸ் ஏறி வந்தாள், கையில் கொய்யாப்பழம் அளவில் ஒரு ஸ்பீக்கர்.

"வயர் எங்கட்டி?"

"வயர் கிடையாதும்மா. புளூடூத்து. ஒருவாட்டி ரெண்டையும் சேத்துவச்சாப் போதும். அப்புறம் அதுவே இதைக் கண்டுபிடிச்சுக்கிடும்."

என் செல்லில் அந்தப் பேச்சை ஏற்றிவிட்டு புளூடூத்தைத் திறந்தாள்; வரிசையாகப் பெயர்கள் வந்தன. அடுத்த வீட்டு டிவிகூட அதில் இருந்தது. அவள் காட்டிய பெயரை என் விரலாலேயே தொட்டேன். செல் என் மடியில். நாலு அடி தள்ளி உரல்மேல் ஸ்பீக்கர். அதிலிருந்து நான் பேசினேன், கணீரென்று, பழைய குரலில். இடையில் இருந்த காற்றில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. என் குரல் என் விரல்களுக்கு நடுவில் போயிருக்கிறது, எனக்கே தெரியாமல்!

எங்கள் பக்கத்தில் மந்தைக்கு மணி கட்டுவது மூத்த ஆட்டின் கழுத்தில்தான். அது போகிற வழியில்தான் மற்றவை போகும். ஆகவே குரலையும் அங்கேயே கட்டச் சொன்னேன். மகள் தயங்கினாள்.

"ஆடு வளத்தவ நானா நீயா?" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் செல்லை அமுக்கினேன். தன் கழுத்திலிருந்தே நான் கத்தியதும் மூத்த ஆடு துள்ளிக்கொண்டு ஓடியது. இருபதும் பின்னால். மிளகாயைப் பார்த்து! ஐம்பது அடி போனதும் சத்தம் சட்டென்று அறுந்தது, ஆடும் நின்றது. பிடிக்கலாம் என்று கிட்டே போனேன். மறுபடி என் குரல் கிளம்பியது, மறுபடி ஓட்டம்.

"அம்மா, அங்கனயே நில்லுங்க! நீங்க கிட்ட போகப் போகத்தான் அதுல சத்தம் வருது. செல்லை நிறுத்துங்க!" என்று மகள் கத்தினாள்.

நிறுத்தினேன். மிளகாயை எட்ட ஒரு பாத்தி தூரம்தான் மிச்சம். மகன் அந்தப் பாத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அதுதான் சுட்டது.

மகள் மெல்லப் போய் ஆட்டுக் கழுத்திலிருந்து அவிழ்த்து வந்தாள். அதை வாங்கி என் கழுத்தில், தையல் தழும்புக்குக் கீழே கட்டிக்கொண்டு, பட்டி வாசலில் போய் நின்று அமுக்கினேன்.

"ட்ர்ரோ... வா வா வா."

இருபத்தொரு தலையும் திரும்பின. கரிசல் புழுதி கிளம்ப நேரே என்னிடம் வந்தன. மூத்த ஆடு என் கையை முகர்ந்தது.  மகன் ஓடிவந்து பட்டிப் படலைத் திறந்தான். உள்ளே போகப் போக ஒவ்வொன்றாகத் தொட்டு விட்டான். விற்கிற பேச்சை அதன்பின் அவன் எடுக்கவில்லை.

செல்லை நிறுத்த மறந்திருந்தேன். என் கழுத்திலிருந்து குரல் போய்க்கொண்டே இருந்தது: "ஏட்டி, புள்ளைக்குக் காய்ச்ச விட்டுச்சா? ரசம் வச்சுக் குடு..."

படலைக் கட்டிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே சொன்னாள்: "விட்டுருச்சும்மா."